ஹனோவேரியன் பெட்டைக்கு டிராக்கேனர் பொலிகுதிரை சேர்க்கலாமா?

கேள்வி: ஜெர்மனியில் செல்லே ஊருக்குப் பக்கத்தில் பால் பண்ணை நடத்துகிறோம். பக்கத்துப் பண்ணையிலிருந்து 9 வயது ஹனோவேரியன் பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஒரு குட்டி எடுக்க ஆசை. எனக்குப் பிடித்த பொலிகுதிரை டிராக்கேனர் இனம். இரண்டும் வார்ம்பிளட் என்கிறார்கள். சேர்த்தால் குட்டி கலப்பினம் என்று ஒதுக்கப்படுமா?

பதில்: ஒதுக்கப்படாது. ஆனால் பொலிகுதிரையை முடிவு செய்யும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள்.

மாட்டுப் பண்ணை வைத்திருப்பவருக்கு முதலில் குழப்புவது இனம் என்ற சொல்தான். வார்ம்பிளட் என்பது ஒரே இனம் அல்ல, ஒரு வகை. அரபு, தாரோபிரெட் போன்ற வேகமான, துடிப்பான குதிரைகள் ஒரு பக்கம். வண்டியும் ஏரும் இழுக்கும் கனத்த குதிரைகள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே, ஏறிச் செல்லவும் வண்டியில் பூட்டவும் ஏற்ற குதிரைகளாக ஐரோப்பாவில் பல தலைமுறை தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டவைதான் இவை. உடல் சூட்டுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. ஹனோவேரியன், ஹோல்ஸ்டைனர், ஓல்டன்பர்க், டச்சு வார்ம்பிளட் எல்லாமே இந்த வகைதான். அவற்றைப் பிரிப்பது பெரும்பாலும் நிறமோ வடிவமோ அல்ல. எந்தச் சங்கத்தின் வம்சப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது என்பதே.

உங்கள் பெட்டையின் கதை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. இங்கிலாந்து அரசராகவும் ஹனோவர் ஆட்சியாளராகவும் இருந்த இரண்டாம் ஜார்ஜ் 1735-ல் செல்லேயில் அரசுப் பொலிகுதிரைப் பண்ணையைத் தொடங்கினார். நல்ல பொலிகுதிரைகளை அரசே வைத்துக்கொண்டு, சுற்றுப்புற விவசாயிகளின் பெட்டைகளுக்குச் சேர்க்கக் கொடுத்தது. ஆரம்பத்தில் ஹோல்ஸ்டைனர் பொலிகுதிரைகள் வந்தன. பிறகு தாரோபிரெட் ரத்தமும் சேர்ந்தது. ஏர் உழவும், கோச்சு வண்டி இழுக்கவும், படைக்குப் போகவும் ஒரே குதிரை வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. ஹனோவேரியன் விவசாயி வளர்த்த குதிரை என்று நான் எப்போதும் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

டிராக்கேனர் வந்த வழி வேறு. பிரஷ்ய அரசர் முதலாம் பிரெடெரிக் வில்லியம் 1732-ல் கிழக்குப் பிரஷ்யாவின் டிராக்கேனன் என்ற ஊரில் தொடங்கிய அரசுப் பண்ணை அதன் பிறப்பிடம். இன்று அந்த இடம் ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் இருக்கிறது. 1945 குளிர்காலத்தில் சோவியத் படை நெருங்கியபோது, மக்கள் இந்தக் குதிரைகளை வண்டியில் பூட்டி, உறைந்து கிடந்த விஸ்துலா கடற்கழியின் பனிமேல் மேற்கே ஓடினார்கள். வழியில் இறந்தவை ஏராளம். பிழைத்து வந்த கொஞ்சத்திலிருந்துதான் இனம் மீண்டும் எழுந்தது.

உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. டிராக்கேனர் சங்கம் பதிவேட்டை மூடியே வைத்திருக்கிறது; அரபு, தாரோபிரெட், இவ்விரண்டின் கலப்பான ஆங்கிலோ அரபு தவிர வெளி ரத்தத்தை ஏற்பதில்லை. எனவே உங்கள் குட்டி டிராக்கேனர் ஆக முடியாது. ஹனோவர் பதிவேடு அப்படியில்லை. போருக்குப் பிறகு டிராக்டர் வந்து உழவுக் குதிரைக்கு வேலை இல்லாமல் போனபோது, கனத்த பெட்டைகளை இலகுவான சவாரிக் குதிரைகளாக மாற்ற வேண்டி வந்தது. அதற்கு தாரோபிரெட்டோடு டிராக்கேனர் ரத்தமும் உதவியது. செல்லேயில் நின்ற அப்கிளான்ஸ் என்ற டிராக்கேனர் பொலிகுதிரையின் வழி இன்றும் ஹனோவேரியன் வம்சாவளிகளில் காணப்படுகிறது. ஆகவே நீங்கள் நினைக்கும் சேர்க்கை பழைய, நல்ல சேர்க்கை. நிபந்தனை ஒன்றுதான்: அந்தக் குறிப்பிட்ட பொலிகுதிரைக்கு ஹனோவர் சங்கத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். டிராக்கேனர் சங்கம் மட்டும் அங்கீகரித்திருந்தால் போதாது. பெட்டை எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்பதையும் சங்கத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், முடி வேரை அனுப்பி ஒரு மரபணுச் சோதனை. டபிள்யூ.எஃப்.எஃப்.எஸ். என்னும் பரம்பரைக் கோளாறு வார்ம்பிளட்களில் இருக்கிறது. தோல் கிழியும், மூட்டு தளரும். அப்படிப் பிறக்கும் குட்டி பிழைக்காது, சில சமயம் சினையிலேயே கலைந்துவிடும். மரபணுவை ஒற்றையாகச் சுமக்கும் குதிரை முழு ஆரோக்கியமாகத்தான் தெரியும். சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு குட்டி பாதிக்கப்படும். உங்கள் பெட்டை சுமக்கிறது என்று வந்தால், சுமக்காத பொலிகுதிரையைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான், பெட்டையைக் கைவிட வேண்டாம்.

மாட்டு அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாத இடம் ஒன்று உண்டு. பசுவுக்கு இரட்டைக் கன்று சமாளிக்கக்கூடியது. குதிரைக்கு இரட்டைச் சினை பெரும்பாலும் இரண்டையும் இழப்பதில்தான் முடியும். சினைப்படுத்திய 14 முதல் 16 நாளுக்குள் மருத்துவரை அழைத்து ஸ்கேன் எடுங்கள். இரண்டு கரு இருந்தால் அந்த நாட்களில்தான் ஒன்றை எளிதாக நீக்க முடியும். சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். 5, 7, 9-ஆம் மாதங்களில், சினையைக் கலைக்கக்கூடிய ஹெர்பீஸ் வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போடுவது வழக்கம்; அதற்கான தேதிகளை ஸ்கேன் எடுக்கும் அன்றே மருத்துவரிடம் குறித்து வாங்கிவிடுங்கள்.