மே மாதத்தில் அம்மாவுடன் தடோபா முழுநாள் சஃபாரி

வேளச்சேரியிலிருந்து 64 வயது அம்மாவோடு மே மாதம் மகாராஷ்டிராவின் தடோபா புலிகள் காப்பகத்துக்குப் போகிறீர்கள், முழுநாள் ஜீப் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். தாங்கும், ஆனால் வெயிலை லேசாக எடுக்காதீர்கள். தடோபா இருக்கும் சந்திரப்பூர்ப் பக்கம் மே மாதம் 45 டிகிரி சர்வ சாதாரணம். நம்மூர் வெயில் மாதிரி வியர்த்துக் கொட்டாது. காற்று காய்ந்து கிடப்பதால் உடம்பில் நீர் வற்றுவதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரைமணிக்கு ஒருமுறை சில மடக்கு குடிக்க வையுங்கள். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம் 3. பிரஷருக்கு மாத்திரை எடுப்பவரானால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள்.

சஃபாரிக்கு ஓட்டும் திறந்த ஜிப்சி ஜீப்பில் கடைசி வரிசை பின்சக்கரத்துக்கு மேலேயே இருக்கும், ஒவ்வொரு குழியும் இடுப்பில் இறங்கும். அம்மாவுக்கு டிரைவருக்குப் பின்னாலுள்ள முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். நனைத்த பருத்தித் துண்டு ஒன்று கழுத்தில் இருக்கட்டும்.

முழுநாளின் அருமையே மதியம்தான். காலைச் சஃபாரிக்கு மட்டும் வந்த வண்டிகள் வெளியேறியபின் நீர்நிலை ஓரம் இன்ஜினை நிறுத்திக் காத்திருக்கச் சொல்லுங்கள். கோடையில் புலி பின்பக்கமாகத் தண்ணீரில் இறங்கி, இடுப்பளவு மூழ்கி உட்காரும்.

கழிப்பறை இருக்கும் இடங்களில் மட்டுமே இறங்க விடுவார்கள். எங்கெங்கே என்று கிளம்பும்போதே வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். அதற்குப் பயந்து அம்மா தண்ணீரைக் குறைத்தால்தான் ஆபத்து.

செவ்வாய்க்கிழமை காப்பகத்துக்கு விடுமுறை. அசல் அடையாள அட்டை கட்டாயம். ரயிலுக்கு பல்லார்ஷா ஸ்டேஷன்.