வலிக்குக் காரணம் உடலா, மேசையா?

கேள்வி: ஆயத்த ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். பெண்கள் பலர் தோள்பட்டை வலி, இடுப்பு வலி என்று விடுப்பு எடுக்கிறார்கள். பெண்களுக்கு உடல்வலு குறைவு என்கிறது நிர்வாகம். மேசை, நாற்காலிகளை மாற்றினால் பயன் இருக்குமா?

பதில்: நிச்சயமாக இருக்கும். உடல்வலுவைக் குறைசொல்லும் முன், நிர்வாகத்தினர் அளவுநாடாவோடு உங்கள் பிரிவுக்கு ஒருமுறை வரட்டும். சாதாரணக் கைவேலைக்கு மேசையின் உயரம் முழங்கை மட்டத்துக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் கீழேயும், உற்றுப் பார்த்துச் செய்யும் நுண்வேலைக்குச் சற்று மேலேயும் இருக்க வேண்டும் என்பது, வேலையிடத்தை உடலுக்கேற்ப அமைக்கும் துறையான பணிச்சூழலியலின் அடிப்படை விதி. ஆண்களின் சராசரி உயரத்துக்கு அமைத்த மேசையில் உயரம் குறைந்த பெண் அமர்ந்தால், நாள் முழுவதும் தோள்களைத் தூக்கியபடியே தைக்க வேண்டியிருக்கும். அதைத் தவிர்க்க நாற்காலியை உயர்த்தினால் கால் பெடலுக்கு எட்டாது. எட்டுவதற்காக அவர் இருக்கையின் நுனிக்கு நகர்வார், முதுகுசாய்வு இருந்தும் பயனில்லாமல் போகும். தோள்வலியும் இடுப்புவலியும் இப்படித்தான் சேர்ந்தே வருகின்றன. ஆகவே நாற்காலியை மட்டும் மாற்றினால் போதாது. மேசை, நாற்காலி, பெடல் மூன்றையும் தனித்தனியே நகர்த்தவும் உயர்த்தவும் முடிய வேண்டும்.

உங்கள் பிரிவில் யாரேனும் வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்து போட்டு உட்கார்ந்திருந்தால், எந்த இருக்கை பழுது என்பதை அதுவே காட்டிவிடும். முதலில் அங்கிருந்து தொடங்குங்கள். செலவு யாருடையது என்ற பேச்சு எழுந்தால், பணியிடப் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளர்கள் எந்தச் செலவையும் ஏற்கக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 155) கூறுவதை எடுத்துக்காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலையில் பெண்கள் கழிப்பறை கிடங்கைத் தாண்டி, வெளிச்சமில்லாத ஒரு மூலையில் இருக்கிறது. இதையும் பணியிட வடிவமைப்பு சார்ந்த குறை என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். போய்வர நேரமாகும், உற்பத்தி இலக்கு தவறும், வழியில் பயமும் இருக்கிறது என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும். மாதவிடாய் நாட்களிலும் கருவுற்ற காலத்திலும் இந்தத் தொல்லை பன்மடங்காகும். வேலையிட வன்முறை, துன்புறுத்தல் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2019-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 190), இயந்திரம் இருக்கும் கூடத்தோடு நின்றுவிடாமல், ஓய்வெடுக்கும் இடம், உணவருந்தும் இடம், கழிப்பறை, உடைமாற்றும் அறை ஆகியவற்றையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. கழிப்பறையை இடம் மாற்றும் வரை காத்திருக்க வேண்டாம். கிடங்கு வழியெங்கும் விளக்கு, உள்ளிருந்து பூட்டக்கூடிய தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைத்தொட்டி, இலக்குக் கணக்கில் இடைவேளை நேரத்தைக் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஆகியவற்றை உடனே எழுத்து மூலம் கேளுங்கள். கோரிக்கையில் கையெழுத்திடும் பெண்களுள் இரவு முறைக்கு வருபவர்களும் இருக்கட்டும்.