மோப்ப நாய்க்கும் அதன் ஹேண்ட்லருக்கும் (அதைப் பராமரித்து வேலைக்கு அழைத்துப்போகிறவர்) இருப்பது உண்மையான பாசமா, வெறும் பயிற்சியா?

பாசம்தான். ஆனால் அது வேலைக்குக் கைகொடுக்கிற மாதிரியே சில சமயம் காலையும் வாரிவிடும். அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

என் மாமா காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். திருடனைப் பிடித்த கதையைக் கேட்டால் அவர் நாயின் வாயைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிற நாய்க்கு மோப்பம் சரியாகப் பிடிபடாது. வாடை சிக்கியதும் வாய் சட்டென்று மூடும், மூச்சு மாறும், வால் ஆடுகிற தினுசே வேறாகும். அதற்கப்புறம்தான் உட்காரும். (வெடிகுண்டு நாய் குரைக்கக் கூடாது, உட்கார்ந்துதான் காட்ட வேண்டும்.) அந்த ஓரிரு நொடியைப் பிடிக்கிற கண், தினமும் அதற்குச் சோறு வைத்து, உண்ணி எடுத்து, குளிப்பாட்டிவிட்டவருக்குத்தான் வாய்க்கும். ரயில் நிலையத்தில் சோதனை நடந்தால் கவனியுங்கள்: நல்ல ஹேண்ட்லரின் பார்வை பெட்டிமேல் இருக்காது, நாய்மேல்தான் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், நாயும் அவரையே கவனிக்கிறது. 'இந்தப் பையில்தான் இருக்கும்' என்று நினைத்து அவர் ஓரடி தயங்கினால் போதும், கயிறு காட்டிக்கொடுத்துவிடும். அவர் மனசு குளிரட்டும் என்று நாய் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் பரிசாக விளையாடப் பந்து வேறு கிடைக்குமே!

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாயும் ஹேண்ட்லருமாக 18 ஜோடிகளை வைத்து இதைச் சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். தேட எதையுமே வைக்கவில்லை. சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் இருப்பதாக ஹேண்ட்லர்களிடம் மட்டும் சொல்லிவைத்தார்கள். 200 தடவைக்கு மேல் 'இங்கே இருக்கிறது' என்று பதில் வந்தது. அதுவும் தாள் இருந்த இடங்களில்தான் அதிகம்.

அதனால்தான் பயிற்சியில் பொருளை வேறொருவர் ஒளித்துவைக்க வேண்டும், ஹேண்ட்லருக்கே இடம் தெரியக் கூடாது என்பார்கள். மீட்புப் பணியில் இன்னொரு நாயை விட்டும் சரிபார்ப்பதுண்டு. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்குப் போன நம் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாய் ஜூலி, காசியான்டெப் பகுதியில் ஓர் இடிபாட்டின்மேல் நின்று குரைத்தது. சரிபார்க்க ரோமியோ என்ற இன்னொரு நாயை அனுப்பினார்கள், அதுவும் அங்கேயே குரைத்தது. தோண்டியபோது 6 வயதுச் சிறுமி உயிரோடு கிடைத்தாள்.

எப்போதும் இப்படிக் கிடைத்துவிடாது. 2001-இல் நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளில் தேடித்தேடியும் உயிரோடு யாரும் அகப்படாமல் நாய்கள் சோர்ந்துபோயின. அப்போது ஹேண்ட்லர்கள் ஓர் ஆளை வேண்டுமென்றே ஒளித்துவைத்து, நாயைத் தேடவிட்டு, கண்டுபிடித்ததும் ஆரவாரமாகக் கொண்டாடினார்கள். சுத்த ஏமாற்று வேலைதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.