இரண்டாவது கூடாரத்துக்குப் பெயர் கொடுக்கலாமா?

கேள்வி: நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் எங்களுக்கு 20 பேர்ச் காணி இருக்கிறது. போன வருசம் அரைவாசி மானியத்தில் பொலித்தீன் கூடாரம் கிடைத்தது. முன்பு உருளைக்கிழங்கு போட்ட மண்ணிலேயே குடைமிளகாய் வைத்தேன். காய் பிடிக்கிற நேரம், இலை பச்சையாக இருக்கும்போதே செடிகள் வாடிச் சாகின்றன. கடையில் தந்த இரண்டு மருந்தும் கேட்கவில்லை. வேறு மருந்து உண்டா? மானியம் கொடுக்கிற அலுவலகத்தில் இன்னொரு கூடாரத்துக்கும் பெயர் கேட்கிறார்கள், ஐயா. கொடுக்கலாமா?

பதில்: தங்கச்சி, மருந்தை நிறுத்துங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாய் மட்டும் நனைய ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிசத்தில் பால்நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பக்றீரியா வாடல். உருளைக்கிழங்கையும் தாக்குகிற நோய்தான், மண்ணில் தங்கியிருக்கும். குணமாக்கும் மருந்து கிடையாது. நோய் என்னவென்று பார்க்காமலே போத்தலை நீட்டுகிற கடைக்காரரிடம் இனி யோசனை கேட்காதீர்கள். செடியை வேர்மண்ணோடு அகற்றுங்கள். அடுத்த போகம் அந்த மண்ணில் தக்காளியும் மிளகாயும் வேண்டாம். குடைமிளகாய்தான் வேண்டுமென்றால் தும்புச்சோறு (தேங்காய்த் தும்பின் தூள்) நிரப்பிய பைகளில் வையுங்கள்.

இனி பெயர் விசயம். முதல் கூடாரம் வாங்கியவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அலுவலகம் எத்தனை கூடாரம் கொடுத்தோம் என்று எண்ணும். நான் எண்ணச் சொல்வது வேறு: இரண்டு போகத்துக்குப் பிறகும் எத்தனை பேர் உள்ளே பயிர் செய்கிறார்கள், கிழிந்த பொலித்தீனைச் சொந்தக் காசில் எத்தனை பேர் மாற்றினார்கள், மானியமே வாங்காத எத்தனை பேர் அதைப் பார்த்துத் தாமாகக் கூடாரம் போட்டார்கள். கைவிட்டவர்களிடமும் காரணம் கேளுங்கள், அவர்களைச் சோம்பேறி என்று ஒதுக்கக்கூடாது.

புதிய முறை எப்படிப் பரவுகிறது என்று 1962இல் நூல் எழுதிய எவரெட் ரோஜர்ஸ், அமெரிக்காவின் ஐயோவாவில் ஒரு விவசாயி மகன். அவர் அப்பா கலப்பினச் சோளத்தைப் பல வருசம் தொடவில்லை. 1936 வறட்சியில் தன் சோளம் வாட, அயலவரின் கலப்பினச் சோளம் நிமிர்ந்து நின்றதைக் கண்ட பிறகே மனம் மாறினார். ஒரு முறை பரவ ரோஜர்ஸ் சொன்ன ஐந்து தன்மைகள்: பழையதைவிட நன்மை, நம் வழக்கத்தோடு பொருத்தம், செய்ய எளிமை, சிறிதாகச் செய்து பார்க்கிற வசதி, பலன் கண்ணில் படுவது.

எனக்கு நான்காவதுதான் உயிர். 2021 மே மாதம் நம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. எந்தத் தோட்டக்காரருக்கும் ஒரு பாத்தியில் சேதனப் பசளை மட்டும் போட்டுப் பார்க்க அவகாசம் கொடுக்கவில்லை. தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டை நீங்களே கண்டீர்கள். நவம்பரில் தடையைக் கைவிட்டார்கள், போன போகம் போனதுதான். சேதனப் பசளை கெட்டதல்ல, திணித்த விதம்தான் கெட்டது.

உங்கள் ஊரில் முதல் கூடாரம் வாங்கிய எல்லா வீட்டுக்கும் போய் அந்த மூன்று கணக்கையும் எடுத்து எனக்கு எழுதுங்கள். அதுவரை, கடைசித் திகதி நெருங்கினாலும், பெயர் கொடுக்க வேண்டாம்.