14.75 எங்கே போனது? குமுளி மலையேறும் பெரிய எஸ்யூவியின் டீசல் கணக்கு

கேள்வி: கம்பத்தில் இருக்கிறேன். அணக்கரை பக்கம் ஏலத்தோட்டம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் குமுளி வழியாகப் போய்வருகிறேன். போகவர 70 கிலோமீட்டருக்கு மேல் வரும். போன வருடம் 2018 மாடல் ஆடி க்யூ7 டீசல் வண்டி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். கம்பெனி கணக்கு லிட்டருக்கு 14.75 என்கிறார்கள். எனக்கு 7.5, மிஞ்சிப்போனால் 8. மெக்கானிக், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை மாற்றச் சொல்கிறார். பெரிய செலவு. மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். புகை, நடுக்கம், ஸ்டார்ட் ஆவதில் சிரமம் எதையும் நீங்கள் சொல்லவில்லை. மைலேஜ் குறைவு ஒன்றை மட்டும் வைத்து இன்ஜெக்டரைக் குற்றம் சொல்வது சரியில்லை. உங்கள் பாதைக்கு இந்த எடையுள்ள வண்டி எவ்வளவு டீசல் குடிக்க வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் குடிக்கிறது. எப்படி என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

முதலில் அந்த 14.75. அது சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் வண்டியை நிறுத்தி ஓட்டி எடுக்கும் எண். சோதனை ஏறக்குறைய 20 நிமிடம் நடக்கும். உச்ச வேகம் 90. ஏசி ஓடாது. ஏற்றம் கிடையாது, வளைவு கிடையாது, மலையடிவாரத்து லோயர் கேம்ப் தாண்டியதும் முன்னால் முக்கிக்கொண்டு ஏறும் லாரியும் கிடையாது. இரண்டு வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். மலைப்பாதையில் உங்கள் டேங்க்குக்கு அது பொருந்தாது.

உங்கள் வண்டி, நீங்கள், கூட வருபவர், பின்னால் கிடக்கும் சாமான் எல்லாம் சேர்த்து 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும் உயரம் சுமார் 500 மீட்டர். அவ்வளவு எடையை அவ்வளவு உயரம் தூக்க 12 மெகாஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது 36 மெகாஜூல் அளவு. ஆனால் எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் தாண்டிச் சக்கரத்துக்கு வந்து சேருவது மூன்றில் ஒரு பங்குதான். மீதி சூடாகப் போய்விடும். ஆக, ஒரு லிட்டர் டீசல் அந்த உயரத்துக்கு மட்டுமே செலவாகிறது. சாலையில் உருண்டு போவதற்கான செலவு தனி. இதே மலையைச் சின்ன ஹேட்ச்பேக் கார் இதில் பாதிக்கும் குறைவான டீசலில் ஏறிவிடும்.

இறங்கும்போது அது திரும்பக் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கிடைக்கும். அந்த ஆறேழு கிலோமீட்டர் எஞ்சின் ஏறக்குறைய டீசல் இல்லாமலே ஓடும். அரை லிட்டர் மிச்சம். மீதி அரை லிட்டரின் பலன் பிரேக் டிஸ்க்கில் சூடாகப் போய்விடுகிறது. லோயர் கேம்ப் வந்ததும் சக்கரத்துப் பக்கம் அடிக்கும் வாசனை அதுதான்.

இதைவிடப் பெரிய செலவு, பலரும் கவனிக்காதது, வளைவுகளில் நடக்கிறது. கொண்டை ஊசி வளைவில் 20க்குக் குறைக்கிறீர்கள், வெளியே வந்ததும் 50க்கு ஏற்றுகிறீர்கள், அடுத்த வளைவில் மறுபடி பிரேக். இந்த எடையை 20லிருந்து 50க்குக் கொண்டுபோக ஒவ்வொரு தடவையும் 17 மில்லி டீசல் போகிறது. ஒரு மூடி அளவு. ஆனால் குமுளி தாண்டி ஏலக்காட்டுக்குள் போகும் சாலை முழுக்க வளைவுதானே? போகவர 150 தடவை இப்படிச் செய்தால் இரண்டரை லிட்டர் ஆகிவிடும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். சமதளமாக இருந்தால் லிட்டருக்கு 12 கிடைக்கும் என்று வைத்தால் 70 கிலோமீட்டருக்கு ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏற்றத்துக்கு ஒன்று கூட்டி, இறக்கத்துக்கு அரை கழித்து, வளைவுக்கு இரண்டரை சேர்த்தால் ஒன்பது லிட்டரை ஒட்டி வருகிறது. லிட்டருக்கு எட்டுக்கும் கீழே. நீங்கள் சொன்ன எண் இதுதான்.

அப்படியென்றால் மிச்சம் பிடிக்க வழியே இல்லையா? இருக்கிறது, வளைவில்தான். வளைவிலிருந்து வெளியே வந்ததும் 50க்கு விரட்டாமல் 35லேயே போய்ப் பாருங்கள். அடுத்த வளைவுக்கு முன்பே காலை எடுத்துவிடுங்கள், வண்டி தானாகத் தணியட்டும். 20லிருந்து 35க்குப் போக 17க்குப் பதில் ஆறேழு மில்லிதான் ஆகும். இந்த ஒரு பழக்கமே நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை மிச்சம் தரும். நேரத்தில் எவ்வளவு தள்ளிப்போகிறது என்று ஒரு நாள் மணி பார்த்துச் சொல்லுங்கள். ஐந்து, பத்து நிமிடத்தைத் தாண்டாது.

இறக்கத்தில் கியரை நீங்களே பிடித்து இரண்டிலோ மூன்றிலோ வைத்து இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டு கியரில் இறங்கும்போது டீசல் வருவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டு இறங்கினால் மிச்சம் என்று நம் பக்கம் இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நியூட்ரலில் எஞ்சின் ஐடிலில் டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம், இரண்டரை டன்னைப் பிரேக் மட்டுமே தாங்க வேண்டிவரும். அந்த மலையில் அது உயிரோடு விளையாடுவது.

அடுத்து டிபிஎஃப், அதாவது சைலன்சரில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. கரி சேர்ந்ததும் வண்டியே கூடுதல் டீசலை விட்டு 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துவிடும். அதற்கு 15, 20 நிமிடத் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். தோட்டத்து கேட்டில் நிறுத்தும்போது ஐடில் வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, ஆஃப் செய்த பிறகும் ஃபேன் ஓடினாலோ, அந்த வேலை பாதியில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த தடவை மறுபடி ஆரம்பிக்கும், டீசலும் மறுபடி போகும். வாரம் ஒரு நாள் தேனி சாலையில் அரைமணி நேரம் நிதானமாக ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு வாருங்கள்.

டயர் காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள். மதிய வெயிலில், ஓடிச் சூடான டயரில் 35 காட்டினால் மலைமேல் குளிரில் அது 32 ஆகிவிடும். டேங்க்கை நிரப்பாமல் பாதியாக வைத்தால் எடை குறையுமே என்று சிலர் கேட்பார்கள். 40 லிட்டர் டீசலின் எடை 33 கிலோதான். குமுளி ஏற அதற்கு ஆகும் கூடுதல் செலவு 15 மில்லிகூட இல்லை. அதனால் கூடலூர், கம்பம் பங்க்குகளிலேயே ஃபுல் செய்துகொள்ளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து கேரளத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் இருக்கிறது.

சரி, வண்டியில் உண்மையிலேயே கோளாறு இருந்தால் எப்படித் தெரியும்? அதற்கு மலை உதவாது. ஒரு விடியற்காலை தேனியில் ஒரு பங்க்கில் நாசில் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். திண்டுக்கல் போய்த் திரும்புங்கள், முடிந்தவரை 80லேயே. அதே பங்க்கில் அதே பம்ப்பில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்ப வேண்டாம். பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். வேகத்தை 120க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு 80ல் இருப்பதைப் போல 2.25 மடங்கு ஆகிவிடும், சோதனையே கெட்டுப்போகும்.

13க்கு மேல் வந்தால் வண்டி நன்றாக இருக்கிறது, மெக்கானிக்குக்கு நன்றி சொல்லி அனுப்புங்கள். 11க்குக் கீழே வந்தால் தேட வேண்டும், அப்போதும் இன்ஜெக்டர் கடைசியில்தான். நிறுத்தியதும் நான்கு வீல்களின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், டிஸ்க்கை அழுத்தும் பிரேக் காலிப்பர் விடாமல் பிடித்திருக்கிறது. எஞ்சின் சூடு 90 டிகிரிக்கு வராமல் கீழேயே நின்றால், சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டில் கோளாறு. அப்புறம் ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து வரும் ஹோஸில் கசிவு, வீல் அலைன்மென்ட். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இன்ஜெக்டர்களின் திருத்த அளவை, அதாவது ஒவ்வொன்றுக்கும் வண்டியின் கம்ப்யூட்டர் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை, ஸ்கேனரில் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு இன்ஜெக்டரில் ஐந்து ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் விலகியிருந்தால் அந்த ஒன்றைக் கழற்றிச் சோதிக்கலாம். ஆறையும் மாற்றத் தேவையே வராது.