கேள்வி பதில்: குறைந்த செலவில் கேமிங் கம்ப்யூட்டர்

கேள்வி: படிப்பு, கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ராத்திரியில் கேம், எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். பட்ஜெட் கம்மி. ஐ7 பிராசஸர் போட்டுவிட்டு கிராஃபிக்ஸ் கார்டை அடுத்த வருடம் வாங்கு, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) கேபினட்டோடு வருவதே போதும் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: இரண்டுமே வேண்டாம். 1080பி-யில், அதாவது ஃபுல் எச்டி திரையில், ஆடும்போது ஃப்ரேம் (நொடிக்கு எத்தனை படம் என்பது) ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டின் கையில்தான் இருக்கிறது. 6 கோர், 12 த்ரெட் உள்ள ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5 12400எஃப் உங்கள் வேலைக்குத் தாராளம், ஐ7-க்குப் போகிற கூடுதல் பணத்தை அப்படியே கார்டு பக்கம் திருப்புங்கள், 8 ஜிபி மெமரி உள்ள ஆர்எக்ஸ் 6600 மாதிரி கார்டு ஒன்று கிடைத்தால் நல்லது. 4 ஜிபி கார்டு வேண்டாம், புது கேம்கள் அதில் திக்கித் திக்கித்தான் ஓடும். ஒன்று மறக்காதீர்கள், நான் சொன்ன இரண்டு பிராசஸரிலும் உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. கார்டு வாங்க நிஜமாகவே தாமதமாகும் என்றால் உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி எடுங்கள், சின்ன கேம்களை அதிலேயே ஓட்டலாம்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ். இதில் மட்டும் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். என் முதல் கம்ப்யூட்டரில் கேபினட்டோடு வந்ததையே வைத்திருந்தேன். மேலே பெரிதாக 500 வாட் என்று போட்டிருந்தது, கையில் தூக்கினால் கனமே இல்லை. ஒருநாள் கேம் நடுவில் டப்பென்று சத்தம், கருகிய நாற்றம், மதர்போர்டும் சேர்ந்தே போய்விட்டது. பிறகுதான் பக்கவாட்டு லேபிளைப் படித்தேன்: 12 வோல்ட்டில் 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட், அவ்வளவுதான். கார்டும் பிராசஸரும் குடிப்பது இந்த 12 வோல்ட் மின்சாரத்தைத்தான், ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட் வரை இழுக்கும். அதனால் கடையில் பெரிய எழுத்தை விட்டுவிட்டு லேபிளில் அந்த 12 வோல்ட் கட்டத்தைப் பாருங்கள். 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்லும், ஷார்ட் ஆனால் தானாக அணையுமா என்பதைச் சொல்லாது. நல்ல பெயருள்ள 550 வாட் ஒன்று போதும், பின்னால் கார்டை மாற்றினாலும் பெரும்பாலும் தாங்கும்.

செலவைக் குறைக்க வேண்டுமா, கேபினட்டில் குறையுங்கள். காற்று போக முன்பக்கம் வலை இருந்தால் சரி, விளக்கு அலங்காரம் எதற்கு? விண்டோஸுக்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான சேமிப்பு), பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் படம், வீடியோவுக்கு அது.

கேள்வி: 3200 வேக ரேம் வாங்கினேன், டாஸ்க் மேனேஜரில் 2133 என்று காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. பயோஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) போய் எக்ஸ்எம்பி-யை, அதாவது ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள், அதுவரை ரேம் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக இல்லாமல் 8 ஜிபி இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் சொருகுங்கள், பெரும்பாலான போர்டுகளில் அதுதான் சரியான இடம்.

கேள்வி: 5600ஜி-யோடு புது கார்டு போட்டேன், கேம் பழையபடியேதான் ஓடுகிறது.

பதில்: மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டில்தான் இருக்கிறதா என்று பின்னால் பாருங்கள். கழற்றி, கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டில் மாட்டுங்கள்.