பாட்டி சொல்ல வந்ததை ஏன் நிறுத்தினீர்கள்?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். நிறைய வாசிப்பாள். இரண்டாம் உலகப் போரில் ஒளிந்து வாழ்ந்த பிள்ளைகளின் கதை கிடைத்தால் சாப்பாடுகூட வேண்டாம், அழுதுகொண்டே படிப்பாள். நம் ஊர் சரித்திரம் என்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆர்வம் வரட்டுமே என்று போன லீவில் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே போயும், "அம்மா, அந்தக் காலத்துல நம்மள இதுக்குள்ள விட்டிருப்பாங்களா?" என்று ஏடாகூடமாகக் கேட்டாள். கூட வந்த என் மாமியார் (86 வயது), "மக்களே, எனக்க அம்மை சொல்லுவா..." என்று ஏதோ தொடங்கினார். பிஞ்சு மனசில் இதெல்லாம் எதற்கு என்று, "பேசாம வா" என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது கிடக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற, நல்லவிதமான சரித்திரக் கதைப் புத்தகங்கள் பத்து சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, கருங்கல்

பதில்:

அதைக் கிடக்க விட எனக்கு மனமில்லை. உங்கள் கடிதத்தில் முக்கியமானது அந்த ஒரு வரிதான். பத்துப் புத்தகம் கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. பிள்ளை வாசிக்கவில்லை, வாசித்தாலும் தமிழைத் தொடவில்லை, சரித்திரம் பிடிக்கவில்லை என்று மாதம் தவறாமல் எழுதுகிறார்கள். உங்கள் மகளுக்குச் சரித்திரம் பிடிக்கவில்லை என்று நான் நம்பவில்லை. திருவிதாங்கூர் ராஜா படுத்த கட்டிலைப் பார்த்து வாய் பிளக்காமல், "நம்மள விட்டிருப்பாங்களா?" என்று கேட்ட பிள்ளை அவள். சரித்திரக் கதை எழுதுகிறவர்கள் பேனாவை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. உங்கள் பிள்ளைக்கு அது தானாக வந்தது. நீங்கள் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

பிஞ்சு மனசு என்கிறீர்கள். ஐரோப்பாவில் ஒரு இனத்தையே கொன்று குவித்த கதையை அதே பிஞ்சு மனசு அழுதுகொண்டே படிக்கிறது. அதைப் பெருமையாக எனக்கு எழுதுகிறீர்கள். முன்பின் பார்த்திராத பிள்ளைகளுக்காக உங்கள் மகள் அழலாம், அவள் கொள்ளுப்பாட்டி எங்கே நிறுத்தி வைக்கப்பட்டாள் என்பது மட்டும் அவள் காதில் விழக் கூடாது. இது பிள்ளையைக் காப்பதற்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்குக் கூச்சம். நாலு பேர் நடமாடும் இடத்தில் சாதிப் பேச்சு வந்துவிடுமோ என்ற கூச்சம். அந்தக் கூச்சம் உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியதே இல்லை. தள்ளி நிற்கச் சொன்னவர்கள் பட வேண்டிய வெட்கத்தை, தள்ளி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் ஏன் சுமக்கிறீர்கள்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மாமியாருக்கு 86 என்றால், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் உங்களுக்குப் பக்கத்துப் புதுக்கடையிலும் தமிழ்நாட்டோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவர் பதினைந்து வயதை ஒட்டிய பெண். 1956 நவம்பர் 1 அன்று நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது அவருக்குப் பாடப்புத்தகச் செய்தி இல்லை, கண்முன் நடந்தது. அவரைப் பெற்றவர், 1936 நவம்பர் 12 அன்று, ஒதுக்கி வைக்கப்பட்ட சாதியினரும் கோயிலுக்குள் போகலாம் என்ற திருவிதாங்கூர்க் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தபோது ஏறக்குறைய வளர்ந்த பெண்ணாக இருந்திருப்பார். அதற்கு முன்பு சுசீந்திரத்தில் கோயிலுக்குள் போவது ஒருபுறம் இருக்கட்டும், கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே சத்தியாகிரகம் செய்ய வேண்டியிருந்தது. இன்னும் இரண்டு தலைமுறை ஏறினால் 1859. மார்பை மறைத்து மேலாடை போடும் உரிமைக்காகத் தெற்குத் திருவிதாங்கூர்ப் பெண்கள் பல்லாண்டு அடிபட்டு, சந்தையில் துணி கிழிக்கப்பட்டு, கடைசியில் அரசாணை வாங்கிய வருஷம். உங்கள் மாமியார், அவர் அம்மை, பாட்டி, பாட்டியின் அம்மை என்று நாலு பெண்கள் கைகோத்து நின்றால் அங்கே போய்விடலாம். அந்த நால்வரில் இன்று மூச்சோடு இருப்பவர் ஒருவர். அவர்தான் "எனக்க அம்மை சொல்லுவா" என்று தொடங்கினார். அந்த அம்மை என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் கடிதத்தில் எழுதியிருப்பீர்கள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சோறு தின்றும் கேட்கவில்லை, இல்லையா?

வயதானவர்களுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். அவர்கள் சொல்வதைப் பேரப்பிள்ளை காதில் விழச் செய்வதும் கடமை என்பது என் எண்ணம். இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன். "நல்லவிதமான" என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்கு வருத்தம் தராத, ராஜா நல்லவராகவும் குதிரை வேகமாகவும் உள்ள கதை என்று பொருள் கொள்கிறேன். அப்படிப்பட்டவை தமிழில் வேண்டிய மட்டும் உண்டு, பெரும்பாலும் சோழ நாட்டில் நடக்கும். அவற்றையும் படிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்காது. அவளுக்கு வேண்டியது, அவள் வயதுப் பிள்ளை ஒன்று நடுவில் நிற்கும் கதை. பெரியவர்கள் பேர் பெற்ற சம்பவம் பக்கத்தில் நடந்துகொண்டிருக்க வேண்டும், அதைப் பிள்ளையின் கண் பார்க்க வேண்டும். 1741இல் கொளச்சலில் திருவிதாங்கூர்ப் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். பிடிபட்ட டச்சுக்காரர் டி லனோய் பிறகு திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, இன்று உதயகிரிக் கோட்டைக்குள் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல்லறையில் கிடக்கிறார். இது எல்லாரும் எழுதுவது. அன்று கரையில் வள்ளத்துக்குக் காவல் இருந்த பையன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று எழுதுகிற புத்தகம் வந்தால், கடன் வாங்கியாவது வாங்குங்கள்.

புத்தகக் கடையில் நின்றபடியே பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கதையில் என்ன தின்கிறார்கள் என்று புரட்டுங்கள். 1741இல் ஒரு குடும்பம் நாள்தோறும் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீனும் தின்பதாக இருந்தால், எழுதியவர் தன் வீட்டுச் சமையலறையைப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று சந்தேகப்படலாம். மரச்சீனியை இந்தச் சமஸ்தானத்தில் பரப்பப் பாடுபட்டவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள். 1800களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் அமைச்சராக இருந்த வேலுத்தம்பி தளவாய் காலத்துக் கதையில் ரப்பர்த் தோட்டம் வந்தால் மூடி வைத்துவிடுங்கள், அது இருபதாம் நூற்றாண்டில் வந்த தோட்டம். பேச்சிப்பாறை அணையைக் கட்டி முடித்தது 1906இல், ஆகவே 1859 கதையில் அந்தக் கால்வாய்த் தண்ணீர் ஓடக் கூடாது. சின்ன விஷயம் என்று தோன்றும். சோற்றிலும் தண்ணீரிலும் கவனமில்லாதவர் மனிதர்களிடம் மட்டும் கவனமாக இருப்பார் என்று நான் நம்புவதில்லை. நல்ல ஆசிரியர், எது நடந்தது, எது தன் கற்பனை என்று கடைசியில் ஒரு பக்கம் எழுதி வைப்பார். அந்தப் பக்கத்தை மகளை முதலில் படிக்கச் சொல்லுங்கள். கொளச்சல் சண்டையில் மீனவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்று, துப்பாக்கிப் படை என்று எதிரியை நம்ப வைத்ததாக நம் கரையோரம் ஒரு கதை உண்டு. அழகான கதை. வாய்வழி வந்த கதை எது, ஆவணத்தில் இருப்பது எது என்று பிரித்துச் சொல்லும் புத்தகம் பிள்ளையை ஏமாற்றாது. தேரூரில் பிறந்த கவிமணி குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார், கல்வெட்டும் ஆராய்ந்தார். பிள்ளைகளுக்கு எழுதுகிறவருக்கு அந்த இரண்டு கையும் வேண்டும்.

சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறுவர் இலக்கியத்துக்குத் தனியாக விருது கொடுக்கிறது. தமிழில் அந்த விருது பெற்றவர்களின் பட்டியலை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். மகளையும் கூட்டிப்போய் அவளையே அலமாரியில் தேட விடுங்கள். இங்கிலீஷில் அவள் படிப்பதை நிறுத்த வேண்டாம். தமிழில் வாசிக்க முதலில் திணறுவாள், அப்போது இரவில் பத்து நிமிஷம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். மார்க்கைப் பற்றி இப்போதைக்குப் பேசாதீர்கள்.

அதற்கு முன்னால் அரண்மனைக்கு மறுபடி போங்கள், மூவருமாக. கட்டிலையும் கடிகாரத்தையும் போன தடவையே பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை நேராக ஊட்டுப்புரைக்குப் போங்கள். ஆயிரம் பிராமணர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட நீளக் கூடம் அது. அந்தச் சோற்றுக்கு நெல் எந்த வயலில் விளைந்தது, அறுத்துச் சுமந்தவர் யார், இலை வெட்டிக் கொண்டுவந்தவர் யார், கூலி வாங்கினாரா, ஊழியம் என்று சும்மா செய்தாரா என்று அவளே கேட்பாள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். அவளுடைய பழைய கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் கூடத்தில் இருக்கிறது. மீதிப் பதில் பாட்டியிடம் இருக்கலாம். அவர் சொல்வதில் வருஷம் மாறலாம், ராஜா பெயர் மாறலாம். அங்கே வைத்துத் திருத்த வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் மகள் நூலகத்தில் சரிபார்க்கட்டும், அதுவும் அவளுக்குப் படிப்புத்தான்.

திங்கட்கிழமை அரண்மனை திறக்காது, வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே மரப்படிகள் செங்குத்தானவை, மாமியாரை மாடிக்கு ஏற்ற வேண்டாம். கீழே நிழலாக ஓரிடத்தில் அவரை உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, அன்னிக்கு உங்க அம்மை சொன்னதா ஏதோ சொல்ல வந்தீங்களே" என்று கேட்கட்டும். அவர் தொடங்கியதும் நீங்கள் பேசாமல் இருங்கள்.